மூன்று கோப்பைத் தேநீருக்குப் பிறகு

உலான்தோல்கோய்,
நவம்பர் 5, 2000, ஞாயிறு.

அன்புள்ள தெல்கெர் அக்காவுக்கு,

தங்கை தூயா வணக்கத்துடன் எழுதுவது. குளிர்காலம் அங்கே அமைதியாகத் தொடங்கியதா? இங்கே நாங்கள் நலம். கால்நடைகளும் நலம்.

மேலே உள்ள நாலு வாக்கியங்களும் வழக்கத்துக்காக எழுதியவை. இனிமேல் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப்போகிறேன். லாரியில் ஏறுவதற்கு முன் நீங்கள் என் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னீர்களே: "அம்மா எல்லாத்தையும் நல்லதாவேதான் எழுதுவாங்க. நீ பாக்குறதை அப்படியே எழுது. நான் வர்ற வரைக்கும் என் கண்ணு நீதான்." அதற்காகவே பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். தினமும் நம் ரொட்டி அறையில் பார்ப்பதை அதில் குறித்துவிட்டுத்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறேன்.

முதலில் அடுப்பு. இடது பக்கத்து விரிசல் இப்போது என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஆகிவிட்டது. (நுழைத்துப் பார்த்தேன். சுட்டது.) சூடு எல்லாம் அந்த வழியாகவே போய்விடுவதால் ஒரு பக்கத்து ரொட்டிகள் கருகுகின்றன, மறுபக்கத்து ரொட்டிகள் வெளுத்துக் கிடக்கின்றன. விடுதிச் சமையல்காரி நேற்று ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ரொட்டியா, செருப்பா?" என்று கேட்டாள். யாஞ்மா பெரியம்மா, "செருப்புன்னா ஜோடியா வாங்கிட்டுப் போ" என்று இரண்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். அம்மாவும் பெரியம்மாவும் ஹாந்தா அக்காவுமாக ஒரு நாளைக்கு நாற்பது ரொட்டி போடுகிறார்கள். முப்பது பள்ளி விடுதிக்கு, பத்து கடைக்கு. நீங்கள் இருந்தபோது அறுபது போட்டோம்.

ஹாந்தா அக்கா இரட்டைக் குழந்தைகளை ரொட்டி அறைக்கே கொண்டுவந்துவிடுகிறார். இடுப்புத் துணியால் ஆளுக்கொரு மேசைக்காலில் கட்டிப்போட்டிருக்கிறார். மாவு மூட்டை சின்னவனுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் அவன் முகம் எப்போதும் வெள்ளையாக இருக்கிறது. அவன் அழும்போதெல்லாம் ஹாந்தா அக்கா பிசைவதை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறார். திரும்பி வருவதற்குள் மாவு ஆறிவிடுகிறது. நான் கணக்கெடுத்தேன்: வியாழக்கிழமை பத்தொன்பது முறை.

யாஞ்மா பெரியம்மாவின் வீட்டுக்காரர் அன்று மத்தியானம் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். "வீட்டு அடுப்பு அணைஞ்சு கிடக்கு. ஊர் அடுப்புக்கு மட்டும் வறட்டி போடுறியா?" பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "வீட்டு அடுப்புக்கும் நீங்க போடலாம். வறட்டி கடிக்காது" என்றார். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று இரண்டாம் அடுக்கு ரொட்டியை அம்மா ஒருவரே தனியாகச் சுட்டார்.

ஒரு நல்ல செய்தி. பள்ளி நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் ஈஸ்ட் பற்றிப் படித்தேன். அது உயிருள்ளதாம், குளிரில் தூங்கிவிடுமாம். நான் இதைச் சொன்னதிலிருந்து யாஞ்மா பெரியம்மா காலையில் மாவுப் பாத்திரத்தைத் திறந்ததும் "நல்லா தூங்கினீங்களா, ஐயா?" என்று விசாரிக்கிறார். இந்தக் குளிருக்கு மாவு எழும்பவில்லை என்று ஹாந்தா அக்கா பாத்திரத்தைத் தன் படுக்கையில் குழந்தைகளுக்கு நடுவே வைத்துப் போர்த்திப் படுக்கிறார். அவர் வீட்டுக்காரர் இடமில்லாமல் பெட்டிமேல் படுக்கிறாராம்.

ஒரு சின்ன மனத்தாங்கலும் உண்டு. ஒட்டகமயிர்க் கையுறையை நீங்கள் எடுத்துப் போய்விட்டீர்கள். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன்.

விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டது. இன்னும் ஐந்து நிமிடத்தில் ஊர் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். இந்த வருடம் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான். முடித்துக்கொள்கிறேன்.

உங்கள் கண்,
உரின்தூயா
(எட்டாம் வகுப்பு, முதல் வரிசை)


தலைநகரம்,
நவம்பர் 24, 2000.

என் குட்டித் தூயாவுக்கு,

அக்கா நலமாக இருக்கிறேன். உன் கடிதத்தை ஒச்சிர் மாமா லாரியோடு தொழிற்சாலை வாசலுக்கே வந்து கொடுத்தார். கட்டிலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அறையில் பத்துப் பேர் இருக்கிறோம். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி முங்கூ, "உன் தங்கச்சியைப் பத்திரிகைக்கு அனுப்பு" என்கிறாள்.

விரிசலுக்கு வைத்தியம் சொல்கிறேன். சிவப்புக் களிமண், சாம்பல், ஒரு பிடி உப்பு, பொடியாக வெட்டின குதிரைவால் மயிர். நன்றாக மிதித்துப் பூசுங்கள். ஒரு நாள் முழுக்க நெருப்பு வைக்காதீர்கள். அந்த அடுப்புச் செங்கல் எல்லாம் பழைய கால்நடை மருத்துவமனைச் சுவரிலிருந்து நானே பெயர்த்தது. அவ்வளவு சீக்கிரம் விழாது.

நான் சட்டைக் கழுத்துப்பட்டைகளை அழுத்தும் இயந்திரத்தில் நிற்கிறேன். மேலே ஒரு சூடான பலகை, கீழே ஒரு சூடான பலகை. நடுவில் பட்டையை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். சூடு எனக்குப் புதிதா? ரொட்டி அடுப்பு பழக்கிவிட்ட கை. ஒரு மணி நேரத்துக்கு இருநூறு போடுகிறேன். இப்படியே போனால் கோடைக்குள் ஒரு பழைய இரும்பு அடுப்புக்குப் பணம் சேர்ந்துவிடும். சந்தையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு தட்டு, கண்ணாடிக் கதவு. நின்றுகொண்டே ரொட்டி எழும்புவதைப் பார்க்கலாம்.

ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம் போலிருக்கிறது. பின்தங்கிய ஊர்களில் தொழில் செய்யும் பெண்களுக்கென்று ஒரு திட்டம் வந்திருக்கிறது. நம் பக்கத்தில் மூன்று ஊர்களில் ரொட்டி அடுப்பு இருக்கிறது அல்லவா? அதில் எந்த ஊருக்கு அதிகத் தேவையோ அந்த ஊருக்கு ஓர் இரும்பு அடுப்பும் குளிர்காலம் முழுவதற்கும் மாவும் தருகிறார்களாம். டிசம்பரில் நேரில் வந்து விசாரிப்பார்கள். நமக்குக் கிடைத்துவிட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை. வெள்ளை மாதப் புத்தாண்டுக்கு வீட்டில் இருப்பேன், பண்டிகை ரொட்டியை நானே அடுக்குவேன்.

படிவத்தை நீ நிரப்பு. அம்மாவுக்கு இப்போது பொடி எழுத்து தெரிவதில்லை, மற்றவர்கள் கையெழுத்து உனக்கே தெரியும். சொந்தமாக எதையும் சேர்க்காதே, அழகுபடுத்தாதே. அவர்கள் சொல்வதை அப்படியே எழுது.

கையுறையை ஒச்சிர் மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். உள்ளே ஒரு மிட்டாய் இருக்கும்.

அக்கா,
தெல்கெர்மா


உலான்தோல்கோய்,
டிசம்பர் 17, 2000, ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு,

வழக்கமான விசாரிப்புகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். அவற்றைக் கண்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று கடைசியில் புரியும்.

திட்டத்துக்காரர்கள் புதன்கிழமை வந்தார்கள். இரண்டு நாள் முன்பே தகவல் வந்துவிட்டது. விருந்தாளிகள் இரவு தங்குவார்கள் என்று அம்மா ஓர் ஆட்டை அறுத்தார். மிச்சமிருக்கும் கொழுத்த ஆடு அது ஒன்றுதான். யாஞ்மா பெரியம்மா தரையைத் தேய்த்துக் கழுவினார். விரிசல் அசிங்கமாகத் தெரிகிறதே என்று ஹாந்தா அக்கா தன் கல்யாணப் பூவேலைத் துணியைக் கொண்டுவந்து அதன்மேல் தொங்கவிட்டார். முந்தின நாள் சுட்டதில் நன்றாக வந்த ஐந்து ரொட்டிகளை மட்டும் தட்டில் அடுக்கி, மற்றதை மேசைக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அறையைப் பார்த்தபோது எனக்கே அது வேறு யாருடையதோ போலிருந்தது.

என்னைக் கணக்கு வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். சிமெக் என்ற நகரத்து அம்மா ஒருவர், சிவப்புக் கோட்டுப் போட்ட உயரமான வெளிநாட்டுக்காரர் ஒருவர். அம்மா இரண்டு கைகளாலும் தேநீர்க் கோப்பையை நீட்டினார். சிமெக் அம்மா வாசற்படியிலேயே நின்று, "மன்னிச்சுக்குங்க அக்கா, தேநீருக்கெல்லாம் நேரமில்லை. இந்தக் குளிர்ல வண்டியை நிறுத்தினா மறுபடி கிளம்பாது. இருட்டுறதுக்குள்ள மலையைத் தாண்டணும். நாலே நாலு கேள்விதான்" என்றார். வெளியே ஜீப் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் கேட்டார், நான் எழுதினேன். அப்படியே தருகிறேன்.

"தொழில் எப்படிப் போகுது?"

அம்மா: "நல்லா போகுதும்மா. அமைதியா போகுது."

"முக்கியமான தடைகள் ஏதாவது?"

யாஞ்மா பெரியம்மா: "தடை என்ன தடை, எல்லாம் சுகந்தான்."

"வீட்டில் ஒத்துழைப்பு இருக்கா?"

ஹாந்தா அக்கா: "இருக்கு, இருக்கு. பிள்ளைங்களும் நல்லா இருக்காங்க."

"என்ன உதவி வேணும்?"

அம்மா: "நீங்க ரெண்டு பேரும் நல்லபடியா ஊர் போய்ச் சேரணும். வேற என்ன வேணும்?"

நான் பேனாவை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெளிநாட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "எழுதும்மா, சொன்னதை எழுது" என்றார் சிமெக் அம்மா. நீங்களும் அதைத்தானே சொல்லியிருந்தீர்கள்? எழுதினேன். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். சிமெக் அம்மா படிவத்தைப் பார்த்து, "எவ்வளவு முத்து முத்தான கையெழுத்து!" என்று சொல்லி எனக்கு ஒரு நீலப் பேனா பரிசு கொடுத்தார். அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன். ஐந்து ரொட்டியையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். வந்து கால் மணி நேரத்தில் ஜீப் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். அவர்களுக்காகக் காய்ச்சின தேநீர் வீணாகக் கூடாது என்று மூவரும் உட்கார்ந்தார்கள். முதல் கோப்பையில் யாரும் பேசவில்லை. இரண்டாவதில் ஹாந்தா அக்கா பெருமூச்சு விட்டார். மூன்றாவது கோப்பையில் எல்லாம் வெளியே வந்தது.

ஹாந்தா அக்கா: "என்ன உதவி வேணும்னு கேட்டாளே, அந்த ரெண்டையும் அரை நாள் புடிச்சுக்க ஒரு ஆளைக் குடுன்னு கேக்கணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

யாஞ்மா பெரியம்மா: "எனக்கு என் வீட்டுக்காரன் வாயை அடைக்க ஒரு பெரிய ரொட்டி வேணும். நம்ம அடுப்புல அவ்வளவு பெருசு வேகாது."

அம்மா சொன்னார்: "மாவு வர்றதுக்கு ஒரு வழி. காலையில ரெண்டு மணி நேரம் கரண்ட். அந்த விரிசலு. அப்புறம் என் மூத்தவ வீட்டுக்கு வரணும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "இதையெல்லாம் அவங்ககிட்ட ஏன் சொல்லலை?" என்று கத்தினேன். யாஞ்மா பெரியம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வாசல்ல நிக்குற விருந்தாளிகிட்டயா? ஒரு வாய் தேநீர்கூட குடிக்காதவங்ககிட்ட வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டச் சொல்றியா? கேட்டா நல்லதைச் சொல்லணும்டி. கெட்டதைச் சொன்னா அது காதுல விழுந்து உள்ள வந்துடும். உக்காந்து, குடிச்சு, மூணு கோப்பை ஆனப்புறம் மெதுவாச் சொல்லலாம்னு இருந்தோம். அவங்க உக்காரவே இல்லையே."

சிமெக் அம்மாவும் நம் நாட்டுக்காரர்தானே? அவருக்கு இது தெரியாதா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் படிவத்தில் தேநீருக்கு இடமில்லை.

இரவோடு இரவாக எழுதினேன் என்று சொல்ல ஆசை, ஆனால் விளக்கு இல்லை. மறுநாள் பள்ளியில் உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு உண்மையை எழுதினேன். விரிசலின் அகலத்தை அளவுகோலால் அளந்து போட்டிருக்கிறேன். பத்தொன்பது முறையையும் சேர்த்தேன். ஒச்சிர் மாமா அதைத் திட்ட அலுவலகத்தில் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். வெள்ளை மாதத்துக்கு நீங்கள் வருவீர்கள். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

மிட்டாயைப் பாதி தின்றேன். மீதியை இரட்டையருக்குக் கொடுத்தேன்.

தங்கை,
தூயா


தலைநகரம்,
ஜனவரி 12, 2001.

அன்புத் தூயா,

நான் நலம். நீ அழுதிருப்பாய் என்று தெரியும். அழாதே. நீ அவர்கள் சொன்னதை எழுதினாய், நான் சொன்னபடி எழுதினாய். குற்றம் என்றால் அது என்னுடையது. நான் அங்கே இருந்திருந்தாலும் வாசலில் நிற்கும் ஆளிடம் அம்மாவைப் போலத்தான் பதில் சொல்லியிருப்பேன். நாம் அப்படித்தான்.

இங்கே வேலையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். இப்போது தைத்த சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுகிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை, சுலபம். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அறை சூடாக இருக்கிறது.

அம்மாவைக் குளிரில் வெளியே அனுப்பாதே. உன் நாலு பக்கத்துக்கு நல்ல பதில் வரும்.

அக்கா


உலான்தோல்கோய்,
பிப்ரவரி 4, 2001, ஞாயிறு.

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வந்துவிட்டது. முத்திரை குத்திய தாள். கையெழுத்துப் போட்ட படிவத்தை மாற்ற முடியாதாம். படிவத்தின்படி மூன்று ஊர்களில் நம் ரொட்டி அறைதான் சிறப்பாக நடக்கிறதாம். ஆகவே அடுப்பையும் மாவையும் கஷ்டத்தில் இருக்கும் இன்னொரு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். "உங்கள் வெற்றிக்கு வாழ்த்துகள்" என்று முடித்திருக்கிறார்கள். அந்த இன்னொரு ஊரில் யார் படிவம் நிரப்பினார்கள் என்று ஒச்சிர் மாமாவிடம் கேட்டேன். அங்கே பனியில் வழி அடைபட்டு, ஜீப் ஓர் இரவு தங்கிவிட்டதாம். விடிய விடியத் தேநீர் குடித்தார்களாம்.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜனவரி முதல் வாரம் மழையும் பனியுமாகப் பெய்து, மேலே கண்ணாடிபோல் உறைந்துவிட்டது. ஆடுகளால் கால் வைத்து உடைத்துப் புல்லைத் தின்ன முடியவில்லை. ஊரைச் சுற்றி அவை நின்றபடியே செத்துக்கிடக்கின்றன. நம் முப்பத்தாறில் இப்போது நாலு. வீட்டுக்குள் கட்டியிருக்கிறோம். நான் படிக்கும்போது ஒன்று என் புவியியல் புத்தகத்தின் ஓரத்தைத் தின்றுவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை.

கால்நடை போனதும் பெற்றோர்கள் விடுதிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூட்டிப் போய்விட்டார்கள். விடுதியைச் சூடாக்க நிலக்கரியும் இல்லை. திங்கட்கிழமை தலைமையாசிரியர் விடுதியை மூடிவிட்டார். முப்பது ரொட்டியும் போச்சு. அதற்கு முந்தின வாரமே அடுப்பின் இடது சுவர் உள்ளே சரிந்துவிட்டது. களிமண் பூசினோம், குதிரைமயிரும் போட்டோம். ஒரு நாள் நெருப்பு வைக்காதீர்கள் என்றீர்கள். விடுதிக்கு ரொட்டி போக வேண்டுமே என்று ஆறு மணி நேரத்தில் வைத்துவிட்டோம். ஹாந்தா அக்காவின் பூவேலைத் துணி எரிந்துபோயிற்று.

ஹாந்தா அக்கா குடும்பத்தோடு சுரங்க ஊருக்குப் போகிறார். மேசைக்காலில் குழந்தைகளைக் கட்டின துணியை அவிழ்த்துவிட்டு அந்த மேசையையே தடவிக்கொண்டு நின்றார். யாஞ்மா பெரியம்மா, "போடி போ, அங்கயாவது மாவோட தூங்காம புருஷனோட தூங்கு" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

இப்போது உங்களைப் பற்றி.

ஒச்சிர் மாமா வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார். உங்களைப் பார்த்தாராம். எப்படி இருக்கிறாள் என்று அம்மா கேட்டதும், "நல்லா இருக்கா" என்றார். மூன்று கோப்பை குடிக்கும் வரை நான் காத்திருந்தேன். மூன்றுக்குப் பிறகும் "நல்லா இருக்கா" என்றே சொன்னார். ஆனால் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் கிளம்பும்போது லாரி வரைக்கும் கூடவே போய், நாங்கள் அனுப்பின தயிர்க்கட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டீர்களா என்று கேட்டேன். "வாங்கிக்கிட்டா" என்றார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டே, "இடது கையால" என்றார்.

அக்கா, நான் ஐந்து வயதில் பெரியப்பாவிடம் ஒரு சர்க்கரைக் கட்டியை இடது கையால் வாங்கினேன் என்று என் கையில் அடித்தது நீங்கள். விருந்தாளி கொடுத்தாலும் வழிப்போக்கன் கொடுத்தாலும் வலது கை, இல்லையென்றால் இரண்டு கை என்று சொல்லிக் கொடுத்தது நீங்கள். வீட்டிலிருந்து வந்த தயிர்க்கட்டியை நீங்கள் இடது கையால் வாங்கமாட்டீர்கள்.

இன்னொன்று. ஜனவரிக் கடிதத்தின் எழுத்து உங்களுடையது இல்லை. உங்கள் எழுத்துகள் காற்றடித்ததுபோல் இடது பக்கம் சாய்ந்திருக்கும். இதில் எல்லாம் உருண்டையாக, மணி கோத்ததுபோல் இருக்கிறது. முதலில் பார்த்தபோது முங்கூ அக்கா விளையாட்டுக்கு எழுதியிருப்பார் என்று நினைத்தேன்.

"நலம்" என்று யார் சொன்னாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தக் குளிர்காலத்தில் கற்றுக்கொண்டேன். நான் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. நீங்களும் மறைக்கக் கூடாது.

தூயா


தலைநகரம்,
பிப்ரவரி 18, 2001.

அன்புள்ள அம்மாவுக்கும் தூயாவுக்கும்,

வெள்ளை மாதம் எல்லாருக்கும் வெளிச்சமாகத் தொடங்கட்டும். நான் நலமாக இருக்கிறேன். வேலை அதிகம் இருப்பதால் பண்டிகைக்கு வர முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மா, என் பங்குக்கும் நீங்களே அடுக்கிவிடுங்கள். நண்பர்கள் எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

உங்கள் மகள்,
தெல்கெர்மா

(இரண்டாவது தாள். தூயாவுக்கு மட்டும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.)

கண்ணே,

உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. முங்கூவிடம் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

டிசம்பர் இருபதாம் தேதி. உன் கடிதத்தை மத்தியானம் படித்தேன். படிவத்தின் பதில்களைப் படித்ததும் நமக்கு அடுப்பு கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. சாயங்காலம் பட்டையை வைத்துவிட்டுக் கையை எடுக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன. நடுவில் ஒன்றும் இல்லை. உன் கடிதத்தால் என்று நினைத்துவிடாதே. அந்த இயந்திரத்தில் எனக்கு முன்னால் நின்றவளுக்கும் அப்படித்தான் ஆயிற்று. அதனால்தான் அந்த இடம் காலியாக இருந்தது.

நூல் வெட்டும் வேலை பண்டிகை வரைக்கும்தான் தருவார்கள். அதற்குப் பிறகு தெரியவில்லை. சேர்த்ததெல்லாம் மருத்துவத்துக்குப் போய்விட்டது. ஊருக்கு வரலாம் என்று நினைத்துப் பார்த்தேன். மாவைப் பிசைய முடியாமல், சரிந்த அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்து என்ன செய்வேன்? அம்மா இரண்டு கைகளாலும் தேநீரை நீட்டுவார். நான் எதை நீட்டி வாங்குவேன்?

சந்தைக்குப் போய் அந்தக் கண்ணாடிக் கதவு அடுப்பை இன்னொரு முறை பார்த்தேன். யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மாவிடம் சொல்லாதே. கேட்டால் நலம் என்று சொல். உன்னைப் பொய் சொல்ல வைக்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ படிப்பை விடாதே.

அக்கா


உலான்தோல்கோய்,
மார்ச் 4, 2001, ஞாயிறு.

அன்புள்ள தெல்கெர் அக்காவுக்கு,

தங்கை தூயா வணக்கத்துடன் எழுதுவது. குளிர்காலம் அங்கே அமைதியாகக் கழிந்ததா? இங்கே நாங்கள் நலம். கால்நடைகளும் நலம்.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"ரொட்டி அறை நல்லா நடக்குதுன்னு எழுது. மாவு இருக்குன்னு எழுது. தூரத்துல தனியா இருக்குறவளுக்குக் கெட்ட சேதி எதுக்கு? அவ வேலையில கவனம் சிதறும். சூட்டுல நிக்குற பொண்ணு."

ரொட்டி அறை நன்றாக நடக்கிறது. மாவு இருக்கிறது. யாஞ்மா பெரியம்மா சுகமாக இருக்கிறார், உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். ஹாந்தா அக்காவும் குழந்தைகளும் சுகம்.

வெள்ளை மாதம் சிறப்பாக வந்தது. பண்டிகை ரொட்டியை வீட்டுக் கணப்பில் எண்ணெயில் பொரித்தோம். நாலு அடுக்குக்குத்தான் இருந்தது. இரட்டைப்படை அடுக்கு துக்கத்துக்கு உரியது என்று அம்மா மேலடுக்கை எடுத்து எனக்குத் தின்னக் கொடுத்துவிட்டார். மூன்று அடுக்கு வைத்தோம். அழகாக இருந்தது. உங்கள் இடத்தில் ஒரு கோப்பை வைத்து அம்மா தேநீர் ஊற்றினார். அது ஆறியதும் எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடியும் சூடாக ஊற்றினார். மூன்று முறை.

நீங்கள் பள்ளிப் பாடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நன்றாகப் படிக்கிறேன். நான் பெரியவளானதும் திட்டத்தில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்று இங்கே சொன்னேன். யாஞ்மா பெரியம்மா, "அப்ப ஜீப் எஞ்சினை மட்டும் அணைச்சிடுடி" என்றார். சரி என்றேன். இந்த ஊரில் அதற்குள் யார் இருப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நீங்கள் சொன்ன வேலையைச் செய்துவிட்டேன். அதற்காக நேற்று மத்தியானம் ரொட்டி அறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். ஒரே ஒரு தாள்தான், ஆனாலும் புகைபோக்கியிலிருந்து புகை வந்துவிட்டது. புகையைப் பார்த்துவிட்டு விடுதிச் சமையல்காரி பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "சூடா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் அடுப்புக்கு முன்னால் நின்றோம். உங்கள் ஏப்ரன் அதே ஆணியில் தொங்குகிறது. அதைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

அம்மா கேட்கிறார்: "உடம்பு எப்படி இருக்குன்னு எழுதியிருக்காளா?" நலமாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாள் என்றேன். "அப்ப சரி" என்றார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றினார். குடித்தேன். இன்னொன்று ஊற்றினார், குடித்தேன். மூன்றாவதை ஊற்றப்போனபோது எனக்குப் போதும் என்று கோப்பையைக் கவிழ்த்துவிட்டேன்.

அம்மா கேத்தலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார்.

ஒட்டகமயிர்க் கையுறையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எனக்குச் சின்னதாகிவிட்டது. வலது கையுறைக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறேன். தையல் கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

இங்கே சொன்னவர்கள் சொன்னதை எதையும் சேர்க்காமல், அழகுபடுத்தாமல், அப்படியே எழுதியிருக்கிறேன்.

விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டது. நாங்கள் எல்லாரும் நலம், அக்கா. நாங்கள் எல்லாரும்

விளக்கை அணைத்துவிட்டார்கள்.